கடைவீதிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்?



எங்கள் ஊர்க் கடைவீதியில் அண்மையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பேருந்து நிலைய முனையிலிருந்து காய்கறி மார்க்கெட் வரை வாகனங்களின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைக்க உத்தேசம், ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தரலாம் என்பது அதன் சாரம். அன்று மாலையே நமது மண்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். "இது வியாபாரத்துக்கு வைத்த வேட்டு, உடனே எதிர்ப்பு மனு எழுதுங்கள்" என்று நம் முன்னால் வெள்ளைத்தாளை வைத்தார்கள். நாம் பேனாவை எடுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரையின் நோக்கம் விளங்கும்.

நாம் மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறோம். பள்ளிக்கூடப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல. 2014-ஆம் ஆண்டில் இதே கடைவீதிக்கு இதே போன்ற யோசனை வந்தது. அப்போது முன்னின்று எதிர்த்தவர்கள் நாம்தான். "வேகத்தைக் குறைத்தால் லாரிக்காரர்கள் நம் ஊருக்கு லோடு ஏற்றவே தயங்குவார்கள், வெளியூர் வாடிக்கை பக்கத்து ஊருக்குப் போய்விடும்" என்று எழுதி, கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து நம்முடையது. யோசனை கைவிடப்பட்டது. வெற்றி பெற்றுவிட்டதாக டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், நம் மண்டியில் வேலை பார்த்த பையன் எண்ணெய் டின்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு சில்லறைக் கடைக்குக் கொடுக்கப் போனான். ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் வந்து மோதியது. உயிர் பிழைத்தான். வலது கால் பழையபடி ஆகவில்லை. இன்று அவருக்கு முப்பது வயதாகிறது. மூட்டை தூக்க முடியாது. நம் மண்டியிலேயே உட்கார்ந்து சிட்டை எழுதுகிறார். வேகக் கட்டுப்பாடு இருந்திருந்தால் அந்த விபத்து நடந்தே இருக்காது என்று நம்மால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேன் வந்த வேகத்தைக் கண்ணால் கண்டவர்கள் கடைவீதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர் ஒரு நாளும் நம்மைக் குறை சொன்னதில்லை. அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நமக்குத் தெரியும்.

ஆகவே இந்த முறை கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம் என்று சொன்னோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறோம். நாளை உங்கள் ஊர்க் கடைவீதியிலும் இப்படி ஓர் அறிவிப்பு வரக்கூடும்.

சட்டம் சொல்வது என்ன?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 112-வது பிரிவு வேக வரம்பைப் பற்றியது. எந்த வகை வாகனம் எந்த வகைச் சாலையில் அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. அது மேல் வரம்பு. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, ஒரு சாலையின் அல்லது பாலத்தின் தன்மையை உத்தேசித்தோ, மாநில அரசோ அதனால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ குறிப்பிட்ட இடத்துக்கு வரம்பை நிர்ணயிக்கலாம். அதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். ஒன்று, அரசிதழில் அறிவிக்கை. இரண்டு, சாலையில் உரிய அடையாளப் பலகை.

இதில் நம் கவனத்துக்குரிய ஒரு விலக்கு உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. அதாவது, தீபாவளி, பொங்கல் போன்ற நெரிசல் காலத்தில் ஒரு மாதம் வெள்ளோட்டம் பார்ப்பதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைவிட, ஒரு மாதம் நடத்திப் பார்ப்போம் என்று நாமே கேட்கலாம்.

மற்றொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிரிவில், மக்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அதிகாரிகள் கேட்கிறார்கள் என்றால் அது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. வாய்ப்பு வரும்போது நாலு வரியில் "ஆட்சேபிக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

நம்மில் பலர் வேகக் கட்டுப்பாட்டையும் நுழைவுத் தடையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சரக்கு லாரி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வரக்கூடாது என்று தடுப்பது 115-வது பிரிவு. அது வேறு. 112-வது பிரிவின்படி வேகத்தைக் குறைப்பதால் எந்த லாரியும் திரும்பிப் போக வேண்டியதில்லை. மெதுவாக வர வேண்டும், அவ்வளவுதான். மண்டியில் கூடிய நண்பர்களில் பாதிப் பேர் லாரியே வரக்கூடாது என்றுதான் அறிவிப்பைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

முதலாளிக்கும் பொறுப்பு உண்டு

வேகமாக ஓட்டினால் டிரைவருக்குத்தானே அபராதம் என்று நினைத்துவிடக் கூடாது. 183-வது பிரிவு, தானே ஓட்டுபவரை மட்டுமல்ல, தன்னிடம் வேலை பார்ப்பவரை வரம்பு மீறி ஓட்ட வைப்பவரையும் தண்டிக்கிறது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி இலகு ரக வாகனத்துக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்று சட்டம் வரையறுத்திருக்கிறது.

அதே பிரிவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இத்தனை நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போட்டு, அந்த நேரத்துக்குள் வேக வரம்பை மீறாமல் போய்ச் சேருவது நடக்காத காரியம் என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நோக்குச் சான்றாகிவிடும். "பத்து நிமிஷத்தில் சரக்கு கடையில் இறங்கியிருக்கணும்" என்று போனில் அதட்டுகிறோமே, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நேரத்தின் கணக்கு

எங்கள் கடைவீதியின் நீளம் 1.2 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 86 விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 144 விநாடி. வித்தியாசம் 58 விநாடி. ஒரு நிமிடம்கூட இல்லை. விருதுநகரிலிருந்து பருப்பு ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடி வருகிற லாரிக்கு இந்த 58 விநாடியால் வாடகை கூடப் போகிறதா? நம் கடை வாசலில் இறக்குவதற்கு ஆள் வராமல் அந்த லாரி காத்துக் கிடக்கும் நேரம் எத்தனை என்று டிரைவரைக் கேட்டால் சிரிப்பார்.

பகல் வேளையில் எங்கள் கடைவீதியில் பெரும்பாலான நேரம் யாரும் 50-இல் போகவும் முடியாது. நெரிசல் விடாது. ஆபத்து எப்போது என்றால், காலையில் கடை திறக்கும் நேரத்திலும், மதியம் கூட்டம் ஓய்ந்த வேளையிலும், இரவு கடை அடைக்கும் நேரத்திலும் ரோடு காலியாகத் தெரியும்போதுதான். அப்போது வண்டிகள் சீறிக்கொண்டு வருகின்றன. அதே நேரத்தில்தான் நம் ஆட்கள் மூட்டையோடு ரோட்டைக் கடக்கிறார்கள்.

உயிரின் கணக்கு

திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால், டிரைவர் பார்த்து, சுதாரித்து, பிரேக்கில் கால் வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியிலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்த பிறகும் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். காய்ந்த தார் ரோடு, நல்ல பிரேக் உள்ள கார் என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்: சுதாரிப்பதற்குள் 8 மீட்டர், பிரேக் பிடித்த பின் 5 மீட்டர், மொத்தம் 13 மீட்டர்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில்: 14 மீட்டர், பிறகு 14 மீட்டர், மொத்தம் 28 மீட்டர்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்: 17 மீட்டர், பிறகு 20 மீட்டர், மொத்தம் 37 மீட்டர்.

நன்றாகக் கவனியுங்கள். ஒரு குழந்தை 13 மீட்டர் தூரத்தில் ரோட்டில் இறங்குகிறது. 30-இல் வந்த வண்டி குழந்தையைத் தொடுமுன் நின்றுவிடுகிறது. 50-இல் வந்த வண்டிக்காரர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே வண்டி குழந்தையின் மேல் மோதிவிடுகிறது. டிரைவர் எவ்வளவு நல்லவரானாலும் கணக்கு மாறாது. மழையில் நனைந்த ரோடு, தேய்ந்த டயர், முழு லோடு ஏற்றிய லாரி என்றால் தூரம் இன்னும் கூடும். வேகம் இரண்டு பங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு பங்கு ஆவதில்லை, நான்கு பங்கு ஆகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். மொத்த உயிரிழப்பில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முதலில் நின்றது நம் தமிழ்நாடு. இந்தப் பெருமை நமக்கு வேண்டாம்.

மற்ற ஊர்களின் அனுபவம்

மக்கள் கருத்துச் சொன்னால் மாறுதல் வருமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையே சாட்சி. 2023 ஜூனில் போக்குவரத்துக் காவல்துறை வேகத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, பகலில் எல்லா வாகனங்களுக்கும் 40 கிலோமீட்டர் என்ற வரம்பை அமல்படுத்த முனைந்தபோது, அகலமான சாலைகளில் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று பொதுமக்கள் பலமாகக் குறை கூறினார்கள். வரம்பு மறுபரிசீலனை செய்யப்பட்டது. 2023 நவம்பர் 4 முதல் இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40 என்று மாற்றி அமைத்தார்கள். ஆனால் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று வைத்தார்கள். பெரிய சாலையில் தளர்த்தி, ஜனங்கள் நடமாடும் இடத்தில் இறுக்கினார்கள். இதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே பிரதான சாலைகள் தவிர மற்றத் தெருக்களில் 30 என்று வைத்துவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் 17 முதல் ஊருக்குள் 30 மைலாக இருந்த பொது வரம்பை 20 மைலாக, அதாவது சுமார் 32 கிலோமீட்டராக, குறைத்தார்கள். எதிர்த்து 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனால் மக்களின் கருத்தைக் கேட்டு, எந்தெந்தச் சாலைக்கு 20 பொருந்தாதோ அதைப் பழைய வேகத்துக்கு மாற்ற 2024-இல் வழிகாட்டு நெறிகளைத் திருத்தினார்கள். எதிர்ப்பிலும் பயன் உண்டு. எந்தத் தெரு, என்ன காரணம் என்று குறிப்பாகச் சொன்னால்தான் அந்தப் பயன் கிடைக்கும்.

வியாபாரம் குறையுமா?

இதுதான் எல்லோர் மனத்திலும் உள்ள கேள்வி. நம் அனுபவத்தைச் சொல்கிறோம். நம்மிடம் சரக்கு வாங்கும் சில்லறைக் கடைக்காரர்களின் வாடிக்கையாளர்கள் யார்? நடந்து வருகிற தாய்மார்கள், சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள், பஸ்ஸில் வந்து இறங்கிப் பை தூக்கிப் போகிற கிராமத்து ஜனங்கள். ஐம்பதில் பறக்கிறவர் நம் பெயர்ப் பலகையைப் படிப்பதில்லை. அவர் நம் ஊரைக் கடந்து போகிறவர், நம் ஊருக்கு வருகிறவர் அல்ல. எதிர்ச்சாரிக் கடையில் புளி நன்றாயிருக்கிறது என்று தெரிந்தும், ரோட்டைக் கடக்கப் பயந்து இந்தச் சாரியிலேயே வாங்கிக்கொண்டு போகிற வயதானவர்களை நாம் தினம் பார்க்கிறோம். ரோடு பயமில்லாமல் இருந்தால் இரண்டு சாரிக்கும் வியாபாரம் உண்டு.

ஆனால் நியாயமான கவலைகளும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பலகை வைக்காமல் அபராதம் மட்டும் போட்டால் வெளியூர் வண்டிக்காரர்கள் வெறுத்துப் போவார்கள். வேகத்தைக் குறைக்கிறோம் என்று கண்ட இடத்தில் குன்று மாதிரி வேகத்தடை போட்டால் எண்ணெய் டின் நசுங்கும், முட்டைத் தட்டு உடையும், பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் விழுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-இல் வகுத்த நெறியில், பொதுவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வளைவாக இருக்க வேண்டும், வர்ணம் பூச வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அளவுநாடா நம் கடையிலேயே இருக்கிறது. அளந்து பார்த்து எழுதுவோம்.

நம் பக்கத்துக் குறைகள்

பிறரைச் சொல்வதற்கு முன் நம் முதுகையும் பார்க்க வேண்டும். நடைபாதையில் மிளகாய் மூட்டையையும் சோப்பு அட்டைப்பெட்டியையும் அடுக்கி வைத்து, நடந்து வருகிறவரை ரோட்டில் இறக்கி விடுகிறவர்கள் யார்? இரண்டு லாரியை அடுத்தடுத்து நிறுத்திச் சரக்கு இறக்கி, எதிரே வருகிற வண்டி தெரியாமல் மறைக்கிறவர்கள் யார்? வெயிலுக்குக் கட்டிய தட்டியால் அடையாளப் பலகையையே மூடி வைத்திருக்கிறவர்கள் யார்? நமது மண்டியும் இதற்கு விலக்கல்ல. இந்த அறிவிப்பு வந்த மறுநாள் வாசலில் இருந்த பதினெட்டு மூட்டைகளை உள்ளே எடுத்துப் போட்டோம். இடம் இல்லை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோம், எடுத்தபோது இடம் இருந்தது.

மனுவில் எழுத வேண்டியவை

எங்கள் ஊரில் நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவின் சாரத்தைக் கீழே தருகிறோம். அவரவர் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. பேருந்து நிலைய முனையிலிருந்து மார்க்கெட் வரை 30 கி.மீ. வரம்பை ஏற்கிறோம். புறவழிச் சாலைக்கும் லாரி ஷெட் சாலைக்கும் இதை நீட்டிக்க வேண்டாம்.

2. இரண்டு முனைகளிலும், குறுக்குத் தெரு சேரும் இடங்களிலும் பலகை வைத்த பிறகே அபராதம் வசூலிக்க வேண்டும். முதலில் ஒரு மாதம் எச்சரிக்கை மட்டும் போதும்.

3. பண்டிகைக் காலத்தில் ஒரு மாதம் வெள்ளோட்டம் நடத்தி, பிறகு மீண்டும் எங்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

4. சரக்கு ஏற்றி இறக்க இரண்டு இடங்களைக் கோடு போட்டு ஒதுக்கித் தர வேண்டும். அங்கே தவிர வேறெங்கும் லாரி நிற்காமல் பார்த்துக்கொள்வது வியாபாரிகளின் பொறுப்பு.

5. பள்ளிக்கூடத்தின் எதிரிலும் பேருந்து நிலையத்தின் எதிரிலும் வெள்ளைக் கோடு போட்ட நடைக்கடவை வேண்டும். வேகத்தடை போட்டால் உரிய அளவில் போட வேண்டும்.

6. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பகுதியில் நடந்த விபத்துகளின் எண்ணிக்கையைக் கடைவீதியில் அறிவிக்க வேண்டும்.

மனு எழுதும்போது தேதி, சாலையின் பெயர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை கடைகள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கடன் கொடுத்தால் சீட்டு வாங்குகிற நாம், மனுக் கொடுத்தால் ஏன் வாங்கக் கூடாது?

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். இரண்டு பேர் இன்னும் கையெழுத்திடவில்லை. அவர்களுக்கு லாரி சொந்தம். அவர்களுடைய கவலையையும் தனியாக ஒரு பத்தியில் எழுதிச் சேர்த்திருக்கிறோம். கருத்துக் கேட்பு என்றால் எல்லோருடைய கருத்தும் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

மனுவைச் சுத்தமாகப் படியெடுத்தவர், கால் ஊன்ற முடியாமல் நம் மண்டியில் சிட்டை எழுதுகிறாரே, அவர்தான். அவர் கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். எழுதி முடித்து, நாம் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினார். "நீ முதலில் போடப்பா" என்றோம். போட்டார். அதற்குக் கீழே நாம் போட்டோம்.